ராகுகாலத்தில் ஒரு வைவா

திருப்பதி,
14-2-1998

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தியா எழுதுவது. நான் நலம். ஊரிலும் எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. கேட்டால் வலியே இல்லை என்பாள், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

இங்கே ஒரு கூத்து நடந்திருக்கிறது. இந்த வருஷம் எம்.ஃபில். முடிக்கிறவர்கள் எல்லாருடைய வைவாவையும் நடத்திவைக்கிற பொறுப்பைக் கங்கையா சார் என் தலையில் கட்டிவிட்டார். அவர்தான் எங்கள் துறைத் தலைவர், எனக்கு கைடும் அவரே. வைவா என்றால் என்னடி என்று கேட்பாய். ஒவ்வொருவரும் தான் எழுதிய ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி, இதைத் தேடிப் போனேன், இது கிடைத்தது என்று சபைக்குச் சொல்லவேண்டும். மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்பார். கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். ரோட்டில் போகிறவன்கூட உள்ளே வந்து கேள்வி கேட்கலாம். அவன் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

ஹாலின் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நேற்று யாரும் இல்லாதபோது திறந்து உள்ளே போனேன். அக்கா, எவ்வளவு பெரிய ஹால் தெரியுமா! ஜன்னலைத் தள்ளினால் மலை முழுசாக வந்து நிற்கிறது. மேடையில் ஏறி நின்று பார்த்தேன். அடுத்தவர் கொல்லியில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கின நம் அம்மா பாப்பாத்தியின் பெண் கையில் இத்தனை பெரிய இடத்தின் சாவியா என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் ஆய்வேடு எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். நாகலாபுரம், சத்தியவேடு, புத்தூர்ப் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போன பெண்களைப் பற்றி. திரும்பி வந்தவர்களையெல்லாம் தேடித் தேடிப் பேசினேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வேலை, நல்ல சம்பளம், ஒரு குறையும் இல்லை. தாள் நிரம்பியது, எனக்கு நிரம்பவில்லை.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் நீ லீவில் வந்தபோது மோட்டார் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து என்னிடம் சொன்னாயே, அந்த வீட்டில் உன்னைப் பழைய வேலைக்காரியின் பேராலேயே கூப்பிட்டது, பசிக்கிறது என்று சொல்லப் பாஷை தெரியாமல் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் படுத்து அழுதது, அதையெல்லாம் ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறேன். உன் பேரைப் போடவில்லை. ‘ப’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். கங்கையா சார் முழுக்கப் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இதேனம்மா தீசிஸ்” என்றார் தெலுங்கில். இதுதான் ஆய்வேடு என்று.

உனக்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுது.

உன் தங்கை,
சந்தியா

*

குவைத்,
6-3-1998

சந்தியாவுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

உன் லெட்டரைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுப்புல சோறு அடி பிடிச்சுப்போச்சு. நாலு வருஷத்துல இந்த வீட்டுல நான் சோறு தீச்சது இதுதான் மொத தடவை. அதுக்கு மேடம்கிட்ட வாங்கிக் கட்டிக்கினேன். அதுவும் உன் கணக்குலதான்.

யாரைக் கேட்டு எழுதின? அன்னிக்கு நான் தங்கச்சிகிட்ட பேசினேன். பேனா வெச்சிருக்கறவகிட்ட பேசல. நீயும் தலையாட்டி தலையாட்டிக் கேட்டியே, அப்பவே மனசுக்குள்ள எழுதிக்கினு இருந்தியா?

‘ப’ன்னு போட்டா யாருக்கும் தெரியாதா? நம்ம ஊர்லேருந்து குவைத்துக்கு வந்த ‘ப’ நான் ஒருத்திதான். இன்னொரு ‘ப’ நம்ம அம்மா, அது புத்தூரைத் தாண்டினதில்ல. எம்.ஃபில். படிக்கிற உனக்கு இதுகூடத் தோணலியா?

ஊர்ல நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அம்மாவும் அதைத்தான் நம்பிக்கினு இருக்குது. பத்மினி வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு போறான்னு சந்தையில சொல்லுதாம். புருஷன் விட்டுட்டுப் போனவன்னு எனக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்குது. கொல்லியில கூலிக்குக் களை எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எவனோ ஒருத்தன் வீட்டுக்குள்ள எச்சித் தட்டு கழுவறான்னா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? அதுவும் கடல் தாண்டி. அந்தப் பேச்சு அம்மா காதுல விழுந்தா அது ரெண்டு நாள் சோறு துன்னாது.

அம்சவேணி மாதிரி நெஜமாவே ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தவங்க இருக்காங்க. அவங்க கதையை எழுது. சபையில சொல்றதுக்கு அது நல்லா இருக்கும். என் கதையைக் கிழிச்சிடு.

ஹால் சாவி உன் கையில இருக்குதுன்னு எழுதின இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். மலை தெரியுதுன்னு எழுதியிருக்க. அதை நெனச்சா கோவம் கொஞ்சம் எறங்குது. அதுக்காக விட்டுடுவேன்னு நெனைக்காத.

அக்கா,
பத்மினி

*

திருப்பதி,
28-3-1998

அக்காவுக்கு,

கிழித்துவிட்டேன். அதாவது ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். போதுமா?

பேனா வைத்திருக்கிறவள் என்று எழுதினாயே, அந்தப் பேனாவை யார் வாங்கிக் கொடுத்தது? மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நாலாம் நாள் என்மேல் கோபம் வந்தது. உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்பது ஒரு கேள்வியா?

கங்கையா சாரிடம் போய், அந்தப் பெண் சம்மதிக்கவில்லை என்றேன். அந்தப் பெண் என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. சம்மதிக்கவில்லை என்றால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று உடனே சொல்லிவிட்டார். ஆனால் மிச்சம் இருப்பது வெறும் அட்டவணை, மெட்ராஸ்காரர் ஒத்துக்கொள்வது கஷ்டம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார் என்றார். எனக்கும் அது தெரியும்.

அதை விடு. வைவா மே எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. மெட்ராஸ்காரருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிந்ததாம். மே மாசம் திருப்பதியில் அவருக்கு ரூம் பிடிக்க வேண்டுமென்றால் பெருமாளே இறங்கி வந்து சிபாரிசு செய்யவேண்டும். அதனால் காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போய்விடுகிறேன் என்றிருக்கிறார். இருக்கிற ஒரே பகலுக்குள் எல்லாரையும் முடிக்கவேண்டும். நேரம் போட உட்கார்ந்தேன் பார், அப்போதுதான் இவர்கள் யார் என்று தெரிந்தது. டாலர், உலகச் சந்தை, தாராளமயம் என்று வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் ஆளுக்கொரு பஞ்சாங்கத்தோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. கீர்த்தி என்று என் ரூமில் இருக்கிறவள் எமகண்டத்தையும் சேர்த்து ஒதுக்கச் சொன்னாள். சாரிடம் முறையிட்டால், அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, பத்தரைக்கு டீ பிரேக் விடலாமே என்றார். ஒன்றரை மணி நேரம் டீ குடிக்கப்போகும் பல்கலைக்கழகம் உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். எமகண்டம் முடிந்து, எல்லாரும் முடித்து, கடைசியாக மிச்சமாகும் நேரம் எனக்கு. பந்தி பரிமாறுகிறவளுக்கு என்ன மிஞ்சும்!

அழைப்பிதழ் வந்துவிட்டது. அதுவும் ஒரு வேடிக்கை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் தயாராக இருந்த அச்சில் எங்கள் பேர்களை ஏற்றிவிட்டான். மேலே பெருமாள் படம், கீழே வரவை நாடும் பெரியோர்கள் பேர், நாலு மூலையிலும் மஞ்சள். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் சார், பாக உந்தி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பார்க்கட்டும் என்று அம்மாவுக்கு ஒன்று நம் ஊர்ப் பக்கம் போகிற கீர்த்தியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்கும் ஒன்று இதில் வைத்திருக்கிறேன்.

சந்தியா

*

குவைத்,
17-4-1998

சந்தியா,

பத்திரிகை வந்துச்சு. உன் பேரு இங்கிலீஷ்ல அச்சுல பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மூக்குகிட்ட வெச்சா மஞ்சள் வாசனை இன்னும் போகல. தலகாணி அடியில வெச்சிருக்கேன்.

புத்தூர் பக்கத்து வேணு இங்க டிரைவரா இருக்கான்னு சொல்லியிருக்கேன் இல்ல, நல்ல புள்ள, டிகிரி படிச்சவன். வைவான்னா என்ன ஆகும்னு அவனைக் கேட்டேன். ‘கேள்விக்குப் பதில் சொல்லலேன்னா ஒரு வருஷம் போச்சுக்கா’ன்னான். அன்னிலேருந்து அதே நெனப்பு.

நீ எடுத்துட்டேன்னு எழுதினதும் எனக்கு சந்தோஷமா இருந்திருக்கணும். இல்ல. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா என் வார்த்தையை மாத்திக்க மாட்டேன். ஊருக்குத் தெரியக்கூடாது, அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

அதுக்குப் பதிலா ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். நீ இன்னொரு வருஷம் படி. ஆடி மாசம் நான் ஊருக்குத் திரும்பறதா இருந்தேன் இல்ல, அதைத் தள்ளிப் போடறேன். இன்னொரு வருஷம் இருக்கேன்னு மேடம்கிட்ட வாயால சொல்லிட்டேன். விசா பேப்பரு ஜூன்லதான் எழுதுவாங்க. மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கு இங்க பழகிப்போச்சு.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கடலோரம் போய் உக்காந்தேன். நம்ம பக்கத்துப் பொம்பளைங்க அம்பது பேராவது இருப்பாங்க. எல்லாரும் ஊருக்கு போன்ல பேசறதைப் பத்தித்தான் பேசினாங்க, இங்க நடக்கறதைப் பத்தி யாரும் வாயைத் தொறக்கல. நானுந்தான்.

அக்கா

*

திருப்பதி,
29-4-1998

அக்கா,

உன் கடிதம் காலையில் கிடைத்தது. உன் ஒரு வருஷத்தை விலையாகக் கொடுத்து எனக்கு ஒரு பட்டம் வேண்டாம். மேடத்திடம் போய் வாயால் சொன்னதை வாயாலேயே திருப்பி வாங்கு.

இந்தக் கடிதம் எட்டாம் தேதிக்குள் உன் கைக்கு வராது என்று தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அம்மா என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, தெலுங்கு எழுத்தும் தெரியாது. மஞ்சள் தெரியும், பெருமாள் தெரியும். மூலையில் மஞ்சள் தடவி தன் பெண் சபையில் நிற்கிறாள் என்று பத்திரிகை வந்தால் அதற்கு என்ன மரியாதையோ அதைச் செய்திருக்கிறாள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், நெற்றியில் வைத்து, ஊரையே அழைத்துவிட்டாள். முக்கியமாக, குவைத்துக்குப் போய்வந்த ஒருவரையும் விடவில்லை. உங்களைப் பற்றித்தானே அவள் படித்தது, நீங்கள் இல்லாமலா என்றாளாம். அம்சவேணி, செங்கம்மா, செல்லியம்மா எல்லாரும் வருகிறார்கள். வேன் பேசியாகிவிட்டது.

நான் ஓடினேன் ஊருக்கு. இது விசேஷம் இல்லையம்மா, பரீட்சை என்றேன். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “குங்குமம் வெச்சிட்டேன்டி. வெச்ச குங்குமத்தை அழிக்கச் சொல்றியா?” என்றாள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த வாரம் நம் ஊர் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். காப்புக் கட்டினபிறகு ஊரார் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் வேன் ஊருக்குள் போயாக வேண்டும். என் நேரமோ எமகண்டத்துக்கு அப்புறம், நாலரை மணிக்கு மேல். அவ்வளவு தூரம் வந்தவர்களை நான் பேசாமலே திருப்பி அனுப்பமுடியாது. காலியாக இருப்பது ராகுகாலம் ஒன்றுதான். என் பேரை அங்கே மாற்றிப் போட்டுவிட்டேன். கீர்த்தி கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று அழுதாள்.

பயப்படாதே. உன்னைப் பற்றி ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வராது.

சந்தியா

*

திருப்பதி,
10-5-1998

என் அக்காவுக்கு,

முந்தாநாள் நடந்ததை எப்படி எழுதுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். அழகாக எழுத வராது. நடந்தபடி எழுதுகிறேன், நீ படித்துக்கொள்.

மெட்ராஸ் பேராசிரியர் சரியான நேரத்துக்கு வந்தார். உயரமான மனிதர், சிரிக்காத முகம். முதலில் பேசின ரெண்டு பேரையும் கேள்வி கேட்டே உட்காரவைத்துவிட்டார். பத்தரை மணிக்கு எல்லாரும் டீ குடிக்க எழுந்தபோது வெளியே வேன் வந்து நின்றது. ஹாலே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. எல்லாரும் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் வரிசைத் தட்டு. வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, ரவிக்கைத் துண்டு. வழியில் எங்கேயோ வாங்கினதாக ஒரு தட்டு நிறைய லட்டு வேறு. அம்மாதான் முன்னால். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ.

வாசலில் நின்று எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. கோயில் வாசல் மாதிரி செருப்பு குவிந்துவிட்டது. டீ டம்ளரோடு நின்றிருந்த பேராசிரியர் அந்தக் குவியலையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டு, குனிந்து, தன் ஷூ கயிற்றை அவிழ்த்தார். அதைப் பார்த்துக் கங்கையா சாரும் கழற்றினார். அதற்குப் பிறகு ஒருவர் காலிலும் ஒன்றும் இல்லை. அக்கா, நான் அந்த ஹாலைப் பெருக்கினவள், நாற்காலி போட்டவள், சாவி வைத்திருக்கிறவள். அது என்ன இடம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவிடம் மெதுவாக, இப்போது ராகுகாலம், இதில்தான் நான் பேசப்போகிறேன் என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில்தானே துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கே போடுகிறோம், போய்ப் பேசு என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சாங்கம் பார்த்த என் சிநேகிதர்களுக்கெல்லாம் இது தோன்றவில்லை பார்.

இங்கிலீஷில் பேசினேன். புரொஜெக்டரிலிருந்து சுவரில் அட்டவணை ஒவ்வொன்றாக விழுந்தது. எத்தனை பேர் போனார்கள், என்ன வயது, என்ன படிப்பு, என்ன வேலை. அவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் ஒருவர்கூட அசையவில்லை. சாமி ஊர்வலம் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முன்னால் இவர்களைப் பற்றி வெறும் எண்களைச் சொல்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

முடித்ததும் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் சந்தித்த அத்தனை பெண்களும் ஆஸ்பத்திரி வேலை என்றே சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் அதை நம்புகிறீர்களா என்று. அவ்வளவுதான். நம்புகிறேன் என்றால் பொய். இல்லை என்றால், ஏன் என்று கேட்பார். அதற்கு என்னிடம் உன்னைத் தவிர வேறு பதில் இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேனே. மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் போச்சு என்று வேணு சொன்னது காதில் கேட்டது.

அப்போது அம்சவேணி அக்கா கங்கையா சாரைப் பார்த்து, அவர் என்ன கேட்டார், இவள் ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று தெலுங்கில் கேட்டாள். திறந்த சபை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் இல்லையா? சார் விளக்கிச் சொன்னார். அம்சவேணி அக்கா கொஞ்சம் தரையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

“அவளை எதுக்கு சார் நிக்க வெச்சிக் கேக்கறீங்க? பொய் சொன்னது நாங்க.”

அவள் தமிழிலேயே சொன்னாள், பேராசிரியருக்குத் தமிழ் தெரியுமே. “நான் ஆஸ்பத்திரியை வாசல்ல நின்னு பார்த்ததோட சரி. ஒரு கெழவி, படுத்த படுக்கை. அள்ளிக் கொட்டினது, குளிப்பாட்டினது, ஊட்டினது எல்லாம் நான்தான். ஊர்ல சொன்னா கொறச்சலா பேசுவாங்கன்னு சொல்லல. இந்தப் பொண்ணுகிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

அவள் உட்காருவதற்குள் பக்கத்தில் செங்கம்மா எழுந்துவிட்டாள். ஒரு பெரிய குடும்பத்துத் துணி முழுக்கத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு சட்டை கருகியதற்குப் பட்டினி கிடந்ததைச் சொன்னாள். அதற்கப்புறம் செல்லியம்மா. பிறந்ததிலிருந்து அவள் வளர்த்த குழந்தை அவளை ‘யும்மா’ என்று கூப்பிடுமாம். அவர்கள் பாஷையில் அம்மா. ஊருக்குக் கிளம்பின அன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். “இப்போ அதுக்கு பத்து வயசு இருக்கும் சார். என்னை நெனப்பிருக்குமா, சொல்லுங்க,” என்று அவரைப் பார்த்தே கேட்டாள். மெட்ராஸிலிருந்து கேள்வி கேட்க வந்தவர் அவர். கையைக் கூப்பினார்.

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஒருத்தி சொல்லும்போது இன்னொருத்தி திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தெருவில் இருக்கிறவர்கள், அக்கா. ஒருவர் பொய்யை ஒருவர் நம்பிக்கொண்டு, நான் மட்டும்தான் இப்படி என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். செங்கம்மா அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீயுமாடி என்றாள். ரெண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நடுவில் கரெண்ட் போய் மின்விசிறி நின்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கீர்த்தி ஓரத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். நான் மேடையில் நின்றபடியே கும்பிட்டேன். வேறென்ன செய்ய முடியும் எனக்கு?

பேராசிரியர் கடைசியில் சொன்னார், இன்றைக்கு இந்தச் சபையில் கேட்டதை, இவர்கள் சம்மதித்தால், எழுதிச் சேர்த்துக் கொடுங்கள், ஆய்வேட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று. அவர்களிடமும் அவரே சம்மதம் கேட்டார். அம்மா எழுந்து போய் வரிசைத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். தேர்வாளர் பரிசு வாங்கக்கூடாது என்று அவர் தயங்க, பிரசாதம் என்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று கங்கையா சார் சமாளித்தார்.

அக்கா, உன் அத்தியாயம் தேவைப்படவில்லை. உன் ஒரு வருஷமும் தேவையில்லை. உனக்குக் கொடுத்த சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. வேனில் ஏறும்போது அம்மா என்னை ஓரமாக இழுத்து, “பத்மினியும் அப்படித்தானா?” என்றாள். அவ்வளவு பேர் எழுந்து பேசினபோது அவள் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நீயே அவளைக் கேளம்மா என்றேன். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம், வெள்ளிக்கிழமைதானே அவளுக்கு லீவு, சாயங்காலம் நாகலாபுரம் டெலிபோன் பூத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அவளைப் பேசச் சொல்லு என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் உட்காருவாள், உனக்குத் தெரியும். என்ன சொல்வது என்று நீதான் முடிவு செய்யவேண்டும்.

உன் தங்கை,
சந்தியா

*

குவைத்,
29-5-1998

சந்தியா கண்ணு,

உன் லெட்டரைக் கையில வெச்சிக்கினு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். அங்க நின்னு படிச்சேன். அம்சவேணி எழுந்து நின்ன எடத்துல நான் கீழ உக்காந்துட்டேன். நாலு வருஷமா நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கேன்டி. வெள்ளைக் கோட்டுல அவ எப்படி இருந்திருப்பான்னு நெனச்சி நெனச்சித்தான் அம்மாவுக்கு என் கோட்டைப் பத்தி எழுதினேன். அவகிட்டயும் கோட்டு இல்ல.

போன வெள்ளிக்கிழமை கடலோரத்துல அந்த லெட்டரை எல்லாருக்கும் படிச்சிக் காட்டினேன். உன்னைக் கேக்காமத்தான். நீ மட்டும் என்னைக் கேட்டியா? முடிச்சதும் தடா ஊருப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி, நான் வந்ததுலேருந்து கெழக்கு மேற்கு தெரியாம ஒரே வீட்டுக்குள்ள இருந்தேன்னு ஆரம்பிச்சா. அப்புறம் நிக்கவேயில்ல. இருட்டற வரைக்கும் பேசினோம். எனக்கு என்னமோ அந்தக் கடலே புதுசா இருக்கற மாதிரி இருந்துச்சு.

இன்னொரு வருஷம் இருக்க மாட்டேன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினாங்க. வெச்சிக்கட்டும். ஆடி பொறந்ததும் வரேன். நீ கிழிச்சதா எழுதின அத்தியாயத்தை நெஜமா கிழிச்சிருக்க மாட்ட, எனக்குத் தெரியும். இருந்தா அதையும் சேர்த்துக்கோ. இந்த வாட்டி நீ கேக்கல, நானா சொல்றேன். பேரும் போட்டுக்கோ.

இன்னிக்கு அம்மாகிட்ட பேசினேன். போன வாரமே பேசியிருக்கணும், எனக்கு தைரியம் வரல. அது பூத்துல வந்து உக்காந்துட்டுப் போச்சாம். இன்னிக்கு வேணுதான் என்னைக் கொண்டுபோய் விட்டு, நம்பரைப் போட்டுக் கொடுத்துட்டு வெளிய போய் நின்னான். அம்மா எடுத்துச்சு. நான் சொகம் விசாரிக்கல, ஒண்ணும் பண்ணல. வாயைத் தொறந்ததும் சொல்லிட்டேன். அம்மா, நான் ஆஸ்பத்திரியில இல்ல, ஒரு வீட்டுல சமையல் வேலை, வந்த நாள்லேருந்து அதான் வேலைன்னு.

லைன் போயிடுச்சோன்னு ரிசீவரைத் தட்டிப் பார்த்தேன். திட்டும், அழும், யாராவது ஏதாவது பண்ணாங்களான்னு கேக்கும், எல்லாத்துக்கும் பதில் யோசிச்சு வெச்சிக்கினு நிக்கறேன்.

“உன் கை சமையல் அவங்களுக்குப் புடிச்சிதாடி?” ன்னு கேட்டுச்சு அம்மா.

“சட்டியை வழிச்சித் துன்றாங்கம்மா,” ன்னேன்.

“பின்ன, வழிக்காம?” ன்னுச்சு.

உன் அக்கா,
பத்மினி